சந்தைக் கோழியும் முதல் 21 நாளும்

மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு பங்குனி மாதம், பக்கத்து வாரச்சந்தையில் சிவப்புப் பெட்டை ஒன்றை வாங்கி வந்தேன். நல்ல எடை, பளபளவென்று இறகு, ரத்தச் சிவப்பில் கொண்டை. முட்டையிடுகிற கோழி என்பது கையில் தூக்கியதுமே தெரிந்தது. வீட்டில் அம்மா வளர்த்த கோழிகள் பெரிதும் சிறிதுமாக 17 இருந்தன. அன்று சாயங்காலமே அவற்றோடு சேர்த்து விட்டேன். ஆறாம் நாள் காலையில் கோழிகளைக் கவிழ்த்து மூடும் பஞ்சாரக் கூடையைத் தூக்கியபோது ஒரு விடைக்கோழி மட்டும் வெளியே ஓடாமல் இறக்கையைத் தொங்கவிட்டபடி நின்றது. எச்சம் பச்சையும் வெள்ளையுமாகத் தண்ணீர் மாதிரி போயிருந்தது. மறுநாள் இரண்டு. பன்னிரண்டாம் நாள் எண்ணிப் பார்த்தால் 14 கோழிகள் இல்லை. சிவப்புப் பெட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த வாரமும் அது முட்டை இட்டுக்கொண்டிருந்தது.

கண் பட்டுவிட்டது என்றார்கள், ராசியில்லாத கோழி என்றார்கள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. காலையில் தவிட்டைப் பிசைந்து வைத்துவிட்டு, யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நிற்பார். அதைப் பார்த்த பிறகுதான், நடந்தது என்ன என்று கால்நடை மருத்துவரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டேன். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கம் கோழி வளர்க்கிற பலர் வீட்டிலும் இதே கதை இருக்கிறது. சந்தைக் கோழியோடு அது வளர்ந்த ஊரும், அடைபட்டுக் கிடந்த கூண்டும், வந்த வழியும் சேர்ந்தேதான் நம் கொல்லைக்கு வருகின்றன. இதைப் புரிந்துகொண்டால் முக்கால்வாசி இழப்பைத் தவிர்க்கலாம்.

எங்கள் வீட்டில் விழுந்தது வெள்ளைக்கழிச்சல். இராணிக்கெட் என்றும் சொல்வார்கள். 1926-ல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் முதலில் கண்டறியப்பட்டு, அதையொட்டிய ஆண்டுகளில் இமயமலைப் பக்கம் இராணிக்கேத் என்ற ஊரில் நம் நாட்டில் பதிவானது. அந்த ஊரின் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது. நம் ராணிப்பேட்டைக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. ஆனால் இந்த நோய்க்கான தடுப்பூசி தயாராகிற அரசு நிலையம், 1932-ல் தொடங்கியது, ராணிப்பேட்டையில்தான் இருக்கிறது. இது வைரஸ் நோய். வந்த பிறகு குணப்படுத்த மருந்து கிடையாது. சின்னவெங்காயம், கீழாநெல்லி, மிளகு, மஞ்சள் அரைத்துக் கொடுப்பது கோழிக்குக் கொஞ்சம் தெம்பு தரலாம், வைரஸை அது நிறுத்தாது. தடுப்பூசி போடாத கூட்டத்தில் புகுந்தால் மொத்தமாகத் துடைத்துவிடவும் செய்யும்.

அப்படியானால் சிவப்புப் பெட்டை எப்படிப் பிழைத்தது? இரண்டு வழி உண்டு. அது முன்பே இந்த நோயில் விழுந்து எழுந்திருக்கலாம். அல்லது தடுப்பூசி போட்ட கோழியாக இருக்கலாம். தடுப்பூசி அந்தக் கோழியைச் சாகாமல் காப்பாற்றும். ஆனால் சந்தைக் கூண்டில் வைரஸ் தொற்றினால், தான் நலமாக இருந்துகொண்டே எச்சத்திலும் மூச்சிலும் சில நாள் அதை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். நோய் தொற்றிய கோழிக்குக் குறி தெரிய பெரும்பாலும் ஐந்தாறு நாள் ஆகும், சிலவற்றுக்கு இரண்டு வாரம் கூட ஆகலாம். குறி தெரிவதற்கு முன்பே பரப்ப ஆரம்பித்துவிடும். ஆகவே சந்தையில் எவ்வளவு கண் கொட்டாமல் பார்த்து வாங்கினாலும் இந்த ஆபத்தைக் கண்ணால் பிடிக்க முடியாது. தூங்கி வழிகிற கோழியை யாரும் வாங்குவதில்லை. நலமாகத் தெரிகிற கோழிதான் நோயை ஊர் ஊராகக் கொண்டுபோகிறது.

டெல்டாவில் இதற்கு ஒரு பருவ ஓட்டமும் உண்டு. சம்பா, தாளடி அறுப்பு முடிந்த தை, மாசியில் வயலெல்லாம் சிந்திய நெல். கோழிகள் வரப்பு தாண்டி அடுத்த தெருக் கோழிகளோடு மேய்கின்றன. அதே சமயத்தில் வாத்துக்காரர்கள் ஆயிரக்கணக்கில் வாத்துகளை ஓட்டிக்கொண்டு வருகிறார்கள். வயலில் பட்டி போட்டு, மேய்ச்சல் தீர்ந்ததும் அடுத்த ஊர். வெள்ளைக்கழிச்சல் வைரஸ் வாத்தின் உடம்பில் பெரும்பாலும் குறியே காட்டாமல் இருந்துவிடும். வாத்து மேய்ந்த அதே குட்டையில் கோழி தண்ணீர் குடித்தால் கதை வேறு. வாத்துக்காரர்களைக் குற்றம் சொல்ல இதைச் சொல்லவில்லை, அவர்கள் பிழைப்பும் அந்தச் சிந்திய நெல்லில்தான் இருக்கிறது. நம் கோழியை அந்த நாட்களில் வயலுக்கு விடாமல் கொல்லையோடு நிறுத்துவது நம் கையில் இருக்கிறது. அதற்கு அடுத்து பங்குனி, சித்திரை வெயில். ஐயனார், காத்தவராயன், காளியம்மன் கோயில் திருவிழாக்கள். சேவலுக்குக் கிராக்கி. ஊர் ஊராகக் கோழி நகர்கிறது. வெயிலில் களைத்த கோழிக்கு எதிர்ப்பு சக்தியும் குறைவு. வெள்ளைக்கழிச்சல் கோடையில் தலைவிரித்து ஆடுவதற்கு இதுதான் காரணம். நான் வாங்கிய பங்குனி மாதம், வருடத்திலேயே மோசமான நேரம்.

சந்தைக்கு யார் எப்போது கோழி கொண்டுவருகிறார்கள் என்பதைக் கவனித்தால் இன்னொன்று தெரியும். பள்ளிக்கூடச் செலவுக்கு, மளிகைக் கடன் அடைக்க, இரண்டு கோழியை மடியில் இடுக்கிக்கொண்டு வருகிற பெண்கள் ஒரு வகை. வெவ்வேறு ஊர்களில் வாங்கிச் சேர்த்துக் கம்பிக்கூண்டில் அடைத்து வருகிற வியாபாரிகள் ஒரு வகை. மூன்றாவது வகையைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை: தெருவில் சீக்கு விழுந்ததும், மிச்சம் இருக்கிறதையாவது காசாக்கிவிடுவோம் என்று அவசரமாகக் கொண்டுவருகிறவர்கள். கஷ்டப்பட்டு வளர்த்ததை அப்படியே புதைக்க யாருக்குத்தான் மனம் வரும்? அதனால் ஒரு வாரம் திடீரென்று சந்தையில் கோழி குவிந்து விலை இறங்கினால், மலிவு என்று சந்தோஷப்படுவதற்கு முன்னால் ஏன் என்று விசாரிப்பது நல்லது. புரட்டாசியில் விலை இறங்குவது வேறு. அப்போது கறி சாப்பிடாத வீடுகள் அதிகம், கிராக்கி குறைவு, அவ்வளவுதான். வளர்க்க வாங்குகிறவருக்கு அது நல்ல மாதம், ஐப்பசி மழை தொடங்குவதற்குள் கூட்டின் தரையை மேடாக்கி ஈரம் வராமல் செய்துவிட்டால்.

நான் இப்போது விடிந்தும் விடியாமலும் போய்விடுகிறேன். பெண்கள் கொண்டுவரும் கோழிகளைச் சந்தை வாசலுக்கு முன்பே வழிமறித்து வாங்கிக்கொள்ள வியாபாரிகள் நிற்பார்கள். அந்தக் கோழி ஒருமுறை கூண்டுக்குள் போய்விட்டால், பத்து ஊர்க் கோழியோடு கலந்துவிட்ட கோழி. அதற்கு முன்பே வாங்க வேண்டும். போன மாசியில் ஒரு வயதான அம்மாளிடம் பேசியது இது.

“ஆத்தா, எந்த ஊருக் கோழி?”

“இங்கதான் தம்பி, ஆத்துக்கு அந்தாண்ட.”

“தெருவுல சீக்கு எதுவும் உண்டா?”

“பேரப்புள்ள பொங்கலுக்கு அப்புறம் கால்நடை ஆசுபத்திரியில தூக்கிட்டுப் போயி ஊசி போட்டுட்டு வந்தான். இறக்கையில போட்டாங்க. ஒண்ணும் செத்துப் போகல.”

இந்த இரண்டு கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்கிறவரிடம் கொஞ்சம் விலை கூடப் போனாலும் வாங்கலாம். “எல்லாம் நம்ம வீட்டுக் கோழிதான்” என்று மட்டும் சொல்கிற கூண்டுக்காரரிடம், பத்துக் கோழியும் பத்து நிறத்தில், பத்து வயதில் இருந்தால் கேட்பதற்கு மேலே ஒன்றும் இல்லை.

கோழியைப் பார்க்கும்போது முதலில் கூண்டைப் பார்க்க வேண்டும். உள்ளே ஒரே ஒரு கோழி கண்ணை மூடிக்கொண்டு இறகைச் சிலிர்த்து உட்கார்ந்திருந்தாலும் அந்தக் கூண்டை விட்டுவிடலாம், மற்றவை எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. அப்புறம் கையில் எடுத்து, காதுக்குப் பக்கத்தில் வைத்து மூச்சைக் கேட்பேன். நெஞ்சுக்குள் கொரகொரவென்று சத்தம் இருந்தால் அது சளி நோய், சுகமானது போலத் தெரிந்தாலும் உள்ளேயே தங்கிவிடும் வகை. கண் ஓரத்தில் நுரை, மூக்குத் துளையில் பிசுபிசுப்பு, இதெல்லாம் அதன் துணைக் குறிகள். வாலைத் தூக்கினால் இறகு ஒட்டாமல் சுத்தமாக இருக்க வேண்டும். மற்ற இடமெல்லாம் புழுதியாக இருக்க அந்த இடம் மட்டும் ஈரமாகத் துடைத்திருந்தால் சந்தேகம்தான். இறக்கைக்கு அடியில் ஊதிப் பார்த்தால் பேனும் செல்லுப்பூச்சியும் ஓடுவது தெரியும். கழுத்தடியில் இருக்கிற இரைப்பை கல் மாதிரி விம்மியிருந்தால், எடைக்காகக் காலையில் திணித்த இரை என்று வைத்துக்கொள்ளலாம். எடை போட்டு வாங்குகிறவர்கள் அதைத் தடவிப் பார்க்காமல் காசு கொடுக்கக் கூடாது. முட்டைக்கோழி என்றால் பின்பக்கம் இரண்டு இடுப்பெலும்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய இடம் இருக்கும், ஒரு விரல்தான் போகிறது என்றால் அது இன்னும் இடத் தொடங்கவில்லை, அல்லது நிறுத்திவிட்டது. சேவலின் வயதை முள் சொல்லும். காலின் செதில் வழவழப்பாக இருந்து, முள் வெறும் மொட்டாக இருந்தால் இளசு.

சந்தை மட்டும்தான் வழி என்றில்லை. முருகன் கோயில்களில் காணிக்கையாக வந்த சேவல்களை ஏலம் விடும் வழக்கம் இருக்கிறது. தேவாலயங்களில் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் கோழி, பூசணி, வாழைத்தார் எல்லாம் வரும். இங்கே விலை கூடினாலும் அது காணிக்கை என்கிற மனநிறைவு உண்டு. ஆனால் பல வீட்டுக் கோழிகள் ஒரே இடத்தில் கட்டிக் கிடப்பதால் நோய்க் கணக்கில் இதுவும் சந்தை மாதிரிதான். சேவல் மாற்றிக்கொள்வது இன்னொன்று. ஒரே சேவலின் குஞ்சுகளே திரும்பத் திரும்பச் சேர்ந்தால் முட்டை பொரிப்பு குறையும், குஞ்சு நோஞ்சானாகும். அதனால் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் சேவலைக் கைமாற்றிக்கொள்வார்கள். பெட்டையை வாரத்துக்கு, அதாவது இன்னொரு வீட்டில் பங்குக்கு வளர்க்க விட்டுக் குஞ்சைப் பிரித்துக்கொள்வதும் பழைய ஏற்பாடு. எனக்கு இதிலெல்லாம் பிடித்தது அடைமுட்டையை மாற்றிக்கொள்வதுதான். முட்டை ஓட்டைத் தாண்டி வரும் நோய்களும் உண்டு, சளி நோயும், குஞ்சுகளைத் தாக்கும் புல்லோரம் என்ற கழிச்சலும் (இது இராணிக்கெட் இல்லை, வேறு நோய்) தாயிடமிருந்து முட்டை வழியாகவே வரும். ஆனாலும் சந்தைக் கூண்டில் நின்ற கோழியோடு ஒப்பிட்டால் நல்ல வீட்டு முட்டை எவ்வளவோ மேல். நம் அடைக்கோழியே அடைகாத்து நம் மண்ணிலேயே குஞ்சு பொரிக்கிறது.

வண்டியில் மைக் கட்டி விற்கிற குஞ்சுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கலர் அடித்த குஞ்சுகள் பெரும்பாலும் முட்டைக்கோழிப் பண்ணைகள் கழித்த சேவல் குஞ்சுகள். நாட்டுக்கோழி என்று நினைத்து வாங்கினால் முட்டை ஒருநாளும் வராது. நல்ல பொரிப்பகக் குஞ்சானாலும் அதற்குத் தாய்ச்சூடு இல்லை என்பதை மறக்கக் கூடாது. முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட் சூடு வேண்டும். பல்புக்கு அடியில் குஞ்சுகள் ஒட்டிக் குவிந்தால் குளிர், சுவரோரம் ஒதுங்கி வாயைத் திறந்தால் சூடு அதிகம். பொரித்த குஞ்சின் வயிற்றில் மஞ்சள் கரு மிச்சம் இருப்பதால் மூன்று நாள் வரை இரையில்லாமல் தாங்கும். அதை நம்பித்தான் குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் வெளியூருக்கு அனுப்புகிறார்கள். நமக்கு வந்து சேரும்போது அந்த மூன்று நாளில் எத்தனை நாள் கழிந்துவிட்டது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இனி வழிப்பயணம். பெரும்பாலும் எப்படி வருகிறது? காலைக் கட்டி, சைக்கிள் கைப்பிடியில் தலைகீழாகத் தொங்கவிட்டு. தூக்கிப் பிடித்ததும் கோழி அடங்கிவிடுவதால் அதற்கு வலிக்கவில்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். கோழிக்கு நம்மைப் போல நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் கிடையாது. தலைகீழாகத் தொங்கும்போது குடலும் ஈரலும் சரிந்து காற்றுப்பைகளை அழுத்தும், மூச்சு முட்டும். கொழுத்த கோழிக்கும் முட்டை வயிற்றோடு இருக்கிற பெட்டைக்கும் அது இன்னும் மோசம். இன்னொரு வழக்கம் யூரியாச் சாக்கு. பிளாஸ்டிக் சாக்கில் காற்றே போகாது. பத்து மணி வெயிலில் பைக்கின் பக்கவாட்டில் கட்டி வந்து, வீட்டில் அவிழ்த்தால் அடியில் இருந்தது செத்துக் கிடக்கும். கோழிக்கு வியர்வை கிடையாது. உடம்புச் சூடே 41 டிகிரி செல்சியஸுக்கு மேல். வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டை வெளியேற்றும், அதற்குக் காற்று வேண்டும். வண்டி ஓடும்போது பிழைத்து வந்த கோழி, டீக்கடையில் வண்டியை நிறுத்திய பத்து நிமிடத்தில் போய்விடுவதும் உண்டு.

இதில் சட்டமும் இருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், துன்புறுத்தும் விதத்தில் எந்தப் பிராணியையும் கொண்டுபோவதைக் குற்றம் என்கிறது. 1978-ல் வந்த விலங்குகள் போக்குவரத்து விதிகளில் கோழிக்கென்று 2001-ல் ஒரு பகுதி சேர்க்கப்பட்டது. ஏற்றுவதற்கு முன் இரையும் தண்ணீரும் கொடுக்க வேண்டும், வெயில் காலத்தில் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர் காட்ட வேண்டும், சேவலையும் பெட்டையையும் ஒரே பெட்டியில் அடைக்கக் கூடாது, சாலையில் கொண்டுபோகும்போது பெட்டி மேல் பெட்டி அடுக்கக் கூடாது என்றெல்லாம் அதில் உண்டு. ஒரு கோழி வாங்குகிற நமக்கு இதெல்லாம் எதற்கு என்று தோன்றலாம். அடுக்கக் கூடாது என்பதற்கு நோய்க் காரணமும் இருக்கிறதே. மேல் பெட்டிக் கோழியின் எச்சம் கீழ்ப் பெட்டிக் கோழியின் தலையில் விழுகிறது.

பயணக் களைப்புக்கும் நோய்க்கும் நேரடித் தொடர்பு உண்டு. பயந்து, தாகமாகி, சூடேறி வந்த கோழிக்கு எதிர்ப்பு சக்தி விழுந்துவிடும். உள்ளே அடங்கிக் கிடந்த சளி நோயும் ரத்தக்கழிச்சலும் அந்த வாரத்தில்தான் எழும்பும். ஆகவே கோழியைப் பதவிசாகக் கொண்டுவருவது நம் வீட்டுக் கோழிகளையும் காப்பாற்றுகிற வேலை. நான் மூங்கில் கூடையில் வைக்கோல் பரப்பி, மேலே பழைய வேட்டியைக் கட்டி வருகிறேன். இருட்டில் கோழி அமைதியாக இருக்கும், துணி வழியே காற்றும் போகும். கூடை இல்லாவிட்டால் பக்கவாட்டில் துளையிட்ட அட்டைப்பெட்டி போதும், வீடு வந்ததும் அதைக் கொளுத்திவிடலாம். வெயில் ஏறுவதற்குள் வீடு சேர்ந்துவிட வேண்டும், வழியில் எங்கும் நிற்கக் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் முதலில் தண்ணீர். ஒரு செம்புத் தண்ணீரில் சின்ன வெல்லக்கட்டி, ஒரு சிட்டிகை உப்பு. ஒரு மணி நேரம் கழித்து இரை. பழைய கோழிகள் நடமாடாத பக்கம், காற்று அவற்றின் மேல் அடிக்காத திசையில், தனிப் பஞ்சாரம். 21 நாள் அங்கேதான். ஒரு அடை பொரிக்கிற காலம் என்று அம்மாவிடம் சொன்னபோது உடனே புரிந்துகொண்டார், வைரஸ் என்று நான் விளக்கியபோது அவ்வளவு புரியவில்லை. தனியாக வைத்துவிட்டு ஒரே கையால் இரண்டு பக்கமும் தவிடு வைத்தால் தனிமைக்கு அர்த்தமில்லை. காலையில் பழைய கோழிகளுக்கு முதலில், புதிய கோழிக்குக் கடைசியில். அதற்கென்று தனிச் சட்டி, தனிச் செருப்பு. முடிந்ததும் கை, கால் கழுவல். 21 நாள் நலமாகக் கழிந்த பிறகு, மொத்தமாகத் திறந்துவிடாமல் பழைய கூட்டத்திலிருந்து ஒரே ஒரு கோழியை மட்டும் அதோடு ஒரு வாரம் விட்டுப் பார்ப்பது இன்னும் பத்திரம். போனால் ஒன்றோடு போகும்.

தடுப்பூசியில் பலரும் செய்கிற தவறு, வாங்கிய அன்றே போடுவது. ஏற்கனவே தொற்றிய கோழிக்கு அது உதவாது, களைத்த கோழிக்கு எதிர்ப்பு சக்தி சரியாக உருவாகவும் செய்யாது. ஊசி போட்டு இரண்டு வாரம் போனால்தான் நம்பலாம். ஆகவே புதுக்கோழி வருவதற்கு இரண்டு வாரம் முன்பே பழைய கோழிகளுக்குப் போட்டு முடித்திருக்க வேண்டும். குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலும் மூக்கிலும் சொட்டு மருந்து. எட்டு வாரத்துக்கு மேல் ஆர்2பி ஊசி. இந்த ஆர்2பி கொஞ்சம் வீரியமானது, சின்னக் குஞ்சுக்குப் போட்டால் கால் முடங்கிவிடலாம். ஒவ்வொரு பிப்ரவரியிலும் கால்நடை பராமரிப்புத் துறை கிராமங்களில் இருவார முகாம் நடத்தி இலவசமாகப் போடுகிறது. கோடைக்கு முன்னால் என்று பார்த்து வைத்த மாதம் அது. முகாமைத் தவறவிட்டால் சிக்கல் என்னவென்றால், ஒரு குப்பி மருந்து பொதுவாக 100 கோழிக்கோ அதற்கு மேலோ வரும். கரைத்துவிட்டால் ஐஸில் வைத்து இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். பத்துக் கோழி வைத்திருப்பவர் தனியாக என்ன செய்வார்? எங்கள் தெருவில் இப்போது எட்டு வீடு சேர்ந்து ஒரு நாள் குறித்துக்கொள்கிறோம். விடிகாலையில் கோழிகளைப் பஞ்சாரத்திலிருந்து திறந்துவிடுவதற்கு முன், தெர்மாஸ் பிளாஸ்கில் மருந்தோடு வீடு வீடாகப் போனால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது.

டெல்டாவில் நாம் உடனே நிறுத்த வேண்டிய ஒன்று உண்டு. செத்த கோழியை வாய்க்காலில் வீசுவது. தண்ணீர் எடுத்துக்கொண்டு போய்விடும் என்ற நினைப்பு. எங்கே போகும்? அடுத்த ஊர் மதகில் போய் ஒதுங்கும், அங்கே கோழியும் வாத்தும் நாயும் கிளறும். ஈரமும் நிழலும் உள்ள இடத்தில் இந்த வைரஸ் வாரக்கணக்கில் சாகாது. மேட்டூர் திறந்து தண்ணீர் வந்ததும் ஊரே அதில்தான் புழங்குகிறது, கடைமடைக்காரருக்குத் தலைமடையில் வீசியதெல்லாம் சேர்ந்துதான் போகிறது. மூன்றடிக் குழி, அடியிலும் மேலேயும் சுண்ணாம்பு, மேலே முள். எங்கள் 14-ல் முதல் மூன்றை நானும் வாய்க்காலில்தான் போட்டேன். கீழே இருக்கிற தெருவில் அடுத்த வாரமே கோழி விழுந்தது. என் மூன்றால்தான் அது வந்தது என்று நிரூபிக்க முடியாது, ஆனால் அந்தத் தெரு வழியாகப் போகும்போதெல்லாம் அது நினைவுக்கு வருகிறது.

அந்த ஆத்தாவிடம் மாசியில் வாங்கிய பெட்டைக்கு இப்போது எட்டுக் குஞ்சுகள். போன வாரம் துணைக்கு ஒரு கீரி நிறச் சேவல் வந்திருக்கிறது, மாற்றாக எங்கள் காகச் சேவலைக் கொடுத்தோம். புதுச் சேவல் வைக்கோல்போருக்குப் பின்னால் தனிப் பஞ்சாரத்தில் இருக்கிறது. அம்மா பழைய கோழிகளுக்குத் தவிடு வைத்துவிட்டு, செருப்பை மாற்றிக்கொண்டு, கடைசியாக அங்கே போகிறார். இன்றைக்கு ஒன்பதாம் நாள்.